மாப்பிள்ளையின் விரலில் முந்நூற்றுப் பதினெட்டு

ஹந்தானை வீதி,
கண்டி.
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி யோக்கீம் அவர்களுக்கு (அப்படி அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதோ இல்லையோ, வேறு எப்படி அழைப்பதென்று தெரியாததால் அப்படியே எழுதுகிறேன்),

கண்டி மத்தியாஸ் மிகுந்த வணக்கத்துடனும் அதைவிட மிகுந்த வெட்கத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி பெற்றீசியாவும் மகள் நடாஷாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கு நாவலப்பிட்டியில் நீங்களும் சம்பந்தியம்மா அனற் அவர்களும் மாப்பிள்ளை றஜீவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் எழுதும் வழக்கத்துக்காகத்தான் சுகம் விசாரித்தேன். இதில் மருத்துவ நோக்கம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். பதில் எழுதும்போது அறிகுறிகள் எதையும் குறிப்பிட வேண்டியதில்லை.

ஒன்பது நாளாக உங்கள் தொலைபேசி அடித்து ஓய்கிறது. எடுப்பார் இல்லை. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும்: தொலைபேசியை எடுக்காத மனிதரும் கைக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் விடமாட்டார், திட்டுவதற்காகவாவது பிரிப்பார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாண நாள் குறிக்க நீங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பலகார மேசையில் வைத்து நான் மாப்பிள்ளையின் விரலில் ஊசி குத்தியது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனதால், அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

இதற்கெல்லாம் ஆரம்பம் என் பென்சன். பென்சன் எடுத்த முதல் மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்று நான் சொல்கிறேன், பெற்றீசியாவைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள். அலுமாரியில் இருந்த சட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கினேனாம், அடுப்படியில் சாமான் போத்தல்களுக்கு இலக்கம் போட்டேனாம். கடைசியில் அவளே எங்கள் பங்கு மண்டபத்தில் நடந்த சுகாதாரத் தொண்டர் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு சனிக்கிழமை. சாதாரண நோய்கள், அவற்றின் காரணங்கள், அறிகுறிகள். வந்திருந்த சுகாதாரப் பரிசோதகர் அருமையான மனிதர், எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். "தொண்டர் வேலை நோயைக் கண்டுபிடிக்கிறது இல்ல. சந்தேகம் வந்தா டொக்டர்கிட்ட அனுப்புறது மட்டும்தான்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். நான் அதையும் கொப்பியில் அழகாக எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். குற்றம் அவருடையதல்ல, அடிக்கோடிட்டதோடு நின்றவனுடையது.

அந்தக் கொப்பியில் நோய், காரணம், அறிகுறி என்று மூன்று பத்தி போட்டிருந்தேன். சான்றிதழ் கையில் வந்த மறுநாள் எங்கள் வீதியைப் பார்க்கிறேன், மனிதர்களையே காணவில்லை, எல்லாம் அறிகுறிகளாக நடந்து போகின்றன. முதலில் டெங்குவில் தொடங்கினேன். தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் அந்த நுளம்பு முட்டையிடும் என்று படித்ததால் வீடு வீடாகப் பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தேன், அதுவரை ஒரு பிசகும் இல்லை. பிறகு கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அப்படியே வாளியால் அள்ளி வெளியே ஊற்றினேன். ஃபாதர் பூசை உடுப்போடு ஓடி வந்தார்.

"மத்தியாஸ்! அது மந்திரிச்ச தீர்த்தம்!"

"மந்திரிச்சது நமக்குத் தெரியும் ஃபாதர். நுளம்புக்குத் தெரியாதே."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிற பொறுப்பு எனக்கு.

அடுத்து எங்கள் பக்கத்து வீட்டு சாஹுல் ஹமீது நானா. டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரு மாதமாக வறட்டு இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோயாக இருக்கலாம் என்று கொப்பி சொல்கிறது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஏழு நாள் எண்ணினேன். எட்டாம் நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போய், ராத்திரியில் வியர்க்கிறதா, உடம்பு மெலிகிறதா என்று விசாரித்தேன்.

"மத்தியாஸ் ஐயா, ஒங்களுக்கு பென்சன் கெடச்சது எங்களுக்கு முஸீபத்தா போச்சே!" என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் என் தொல்லை தாங்காமல் போய்க் காட்டினார். காசநோயும் இல்லை ஒன்றும் இல்லை. அவர் பிரஷருக்குப் போடுகிற குளிசை சிலருக்கு அப்படி வறட்டு இருமலைக் கொடுக்குமாம். டொக்டர் குளிசையை மாற்றிக் கொடுத்தார், இருமல் நின்றது. நானா ஒரு பார்சல் வட்டிலப்பம் அனுப்பிவைத்தார். சம்பந்தி, என்னைக் கெடுத்தது அந்த வட்டிலப்பம்தான். நான் பிழையாகச் சொன்னேன், அவருக்கு நன்மை நடந்தது. அதை நான் சரியாகச் சொன்னதாகவே வயிற்றில் போட்டுக்கொண்டேன். அந்த வாரமே விரலில் குத்தி ரத்தத்தில் சீனி பார்க்கிற அந்தச் சின்ன மெசினை வாங்கினேன்.

நீங்கள் வருகிற அன்று காலையில் பெற்றீசியா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க. இன்னக்கி வர்றவங்க மனுசங்க. நோயாளிங்க இல்ல. யாரு கண்ணையும் இழுத்துப் பாக்கக் கூடாது. யாரு நாக்கையும் நீட்டச் சொல்லக் கூடாது" என்று சொல்லி, கொப்பியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மெசின் என் காற்சட்டைப் பையில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஆண்டவர் சாட்சியாக, நான் அடங்கித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த அரை மணித்தியாலத்துக்குள் ஐந்து கிளாஸ் தண்ணீர் குடித்தார். நான் எண்ணினேன். மூன்று முறை "கொஞ்சம் பின்னுக்குப் போயிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். பெண் பார்க்க வந்தபோது இறுக்கிப் பிடித்த சட்டை இப்போது தோளில் தொங்கியது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு! கொப்பியில் நீரிழிவு என்று தலைப்பிட்ட சீனி வருத்தத்தின் பக்கத்தை நான் எழுதிய வரிசைப்படியே ஒரு மனிதன் என் முன்னால் உட்கார்ந்து உளுந்து வளையல் சாப்பிடுகிறான். அதுவும் அதற்குள் ஊறிய தித்திக்கும் கித்துள் பாணி முழங்கை வரை வழிய. என் மகளைக் கட்டப்போகிறவர் சம்பந்தி! எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களோ தையா மாசியா என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"தம்பி, ராத்திரியில எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு மாமா?"

"ஒண்ணுக்குத்தான் தம்பி."

சம்பந்தியம்மாவின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. பெற்றீசியா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அதற்குள் நான் மெசினை வெளியே எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. வருங்கால மாமனார் கையை நீட்டச் சொன்னதும் மோதிரம் போடப்போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நீட்டியிருக்கிறார். விரலை ஒரு பேப்பர் துண்டால் துடைத்தேன், குத்தினேன், ரத்தத்தைத் தொட்டேன். மெசின் ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி வந்து இலக்கத்தைக் காட்டியது. அதை மனதுக்குள் வாசித்திருக்கலாம். நான் லொத்தர் சீட்டு முடிவு அறிவிக்கிற மாதிரி எழுந்து நின்று, "முந்நூத்திப் பதினெட்டு!" என்று கத்தினேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். "எங்க பரம்பரையில யாருக்கும் அந்த வருத்தம் கெடையாது! வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சு ரத்தம் எடுக்கிற எடத்துல எங்களுக்கு சம்பந்தம் வேணாம். அனற், எந்திரி!" என்றீர்கள். உங்கள் முகம் வெளுத்துவிட்டது. கோபத்தில் முகம் சிவக்கும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். மாப்பிள்ளை விரலை வாயில் வைத்துக்கொண்டே உங்கள் பின்னால் போனார். அறுபது உளுந்து வளையல் மீதி.

மறுநாள் நடாஷா பேராதனையில் வேலை முடிந்து நேராக என் முன்னால் வந்து நின்றாள். கேட்டது ஒரே கேள்விதான். "குத்துறதுக்கு முன்னுக்கு அவர கையக் கழுவச் சொன்னீங்களா?"

சம்பந்தி, பயிற்சியில் அந்த மெசினைப் பற்றிச் சொன்ன முதல் வசனமே அதுதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகுதான் குத்த வேண்டும். நடாஷா தன் கையைக் கழுவித் தானே குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு. பிறகு இன்னொரு விரலில் கித்துள் பாணியைத் தடவி, பேப்பரால் துடைத்து, அதே மாதிரிக் குத்தினாள். முந்நூற்று நாற்பது!

"அப்பா, நீங்க அளந்தது அவரோட ரத்தத்த இல்ல. கித்துள் மரத்தோட ரத்தத்த."

அதுதான் அவள் என்னை அப்பா என்று கடைசியாகக் கூப்பிட்டது. இப்போதும் பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள், ஆனால் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறாள். "சோறு எடுத்து வச்சிருக்கு" என்கிறாள். யாருக்கு என்று சொல்வதில்லை.

மற்ற அறிகுறிகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தண்ணீர் குடித்தது பெற்றீசியா வறுத்த மிளகாய்க் கடலையால். அன்று அவள் பதற்றத்தில் இரண்டு முறை மிளகாய் போட்டிருக்கிறாள். மூன்று முறை பின்னால் போனது, அடுப்படியில் நின்ற நடாஷாவோடு பேச. மெலிந்தது கல்யாணக் கோட்டுக்காக. தினமும் விடியப் புறப்பட்டு ரயில் பாதையோரமாக நடக்கிறாராம். அவர் அங்கே நாவலப்பிட்டியில் ஆய்வுகூடத்தில் முறையாகச் சாப்பிடாமல் போய்ச் செய்துகொண்ட பரிசோதனையின் பிரதியை நடாஷாவுக்கு அனுப்பியிருந்தார். எண்பத்தெட்டு. மூன்று மாதச் சராசரி பார்க்கிற பரிசோதனையும் மிக நன்றாக இருக்கிறது. அதன் அச்சுப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னையும் விடவில்லை, பெற்றீசியா கையைக் கழுவவைத்துக் குத்தினாள். தொண்ணூற்றெட்டு. இவ்வளவு கலாட்டா செய்தவனுக்குச் சின்னதாக ஏதாவது இருந்திருக்கலாம் என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஒன்பது நாளாக யோசித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். அறிகுறி என்பது பாதி விலாசம் எழுதிய கடிதம். தபால் கந்தோரில் அப்படி ஒன்று வந்தால் நான் நான்கு இடம் விசாரிக்காமல் கொடுக்கவே மாட்டேன். 'தாகம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தை நேரே சீனி வருத்தத்தின் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். போய்ச் சேர வேண்டிய இடம் மிளகாய்க் கடலை. இன்னொன்று, அந்த வருத்தத்தை ஏதோ களவு கண்டுபிடித்த மாதிரிக் கத்தினேன் பாருங்கள், அது அதைவிடப் பெரிய பிழை. அது ஒட்டிப் பரவுகிற நோயும் இல்லை, நிறையச் சீனி தின்றதற்குக் கிடைக்கிற தண்டனையும் இல்லை. உடம்பில் இன்சுலின் போதாமல் போவதாலோ, இருப்பது சரியாக வேலை செய்யாததாலோ வருகிறது. பரம்பரை கொஞ்சம், வயிறு கொஞ்சம், நடக்காத கால் கொஞ்சம். பலருக்கு ஒரு அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்காக உள்ளே இருக்குமாம். இருந்தால் குளிசை இருக்கிறது, நடை இருக்கிறது, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருக்கிறது. கல்யாணத்தை நிறுத்துகிற விசயமே இல்லை. மாப்பிள்ளைக்கு உண்மையாகவே இருந்திருந்தாலும் நான் என் மகளைக் கொடுத்திருப்பேன். இதை அன்று கத்துவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் முன்னால் தலைகுனிந்து கேட்பது இதுதான். என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் மேல் வைக்காதீர்கள். நாங்கள் மூவரும் நாவலப்பிட்டிக்கு வந்து உங்கள் வீட்டு வாசலில் நிற்கத் தயார். நீங்கள் சொல்கிற நாளே கல்யாணம். மெசினைச் சாஹுல் ஹமீது நானாவிடம் கொடுத்து அவருடைய கடை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். கல்யாணம் முடியும் வரை எந்த மனிதரைப் பார்த்தாலும் வணக்கம், சாப்பிட்டீங்களா என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டேன்.

புனித அந்தோனியார் உங்கள் வீட்டைக் காய்ச்சல், தடிமன், கால்வலி அணுகாமல் காக்கட்டும். நுளம்பு விசயத்தில் மட்டும் நீங்களும் அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக இருங்கள். சம்பந்தியம்மாவுக்குப் பெற்றீசியாவின் அன்பு. மாப்பிள்ளைக்கும் அவருடைய விரலுக்கும் என் ஆசீர்வாதம்.

உங்கள் மன்னிப்புக்காகக் காத்திருக்கும்,
செ. மத்தியாஸ்
ஓய்வுபெற்ற தபால் அதிபர்

பின்குறிப்பு (தனித்தாளில், புதன்கிழமை மாலை):

மேலே எழுதியது எல்லாம் இனித் தேவையில்லை. நேற்று மழையால் தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று காலை கடிதத்தோடு படலையைத் திறந்தால் வெளியே நீங்கள் நிற்கிறீர்கள். கையில் குடை. தனியாக. நான் மன்னிப்பை வாயால் சொல்லத் தொடங்குவதற்குள் நீங்கள், "சம்பந்தி, உள்ளுக்கு வந்து பேசலாமா?" என்றீர்கள். நீங்கள் அதன்பின் சொன்னதை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

"எனக்கு இருக்குங்க அந்த வருத்தம். எட்டு மாசமாச்சு. கண்ணாடி போடப் போன எடத்துலதான் தெரிஞ்சது. அனற்கிட்டக் கூடச் சொல்லல. பையனுக்குப் பொண்ணு பாக்குற நேரம், அப்பனுக்கு இருந்தா மகனுக்கும் வரும்னு பேசுவாங்கன்னு பயம். ஒரு மாசம் குளிசை போட்டேன். அப்புறம் அவ பாத்துருவான்னு அதையும் விட்டுட்டேன். அன்னக்கி நீங்க அந்த நம்பரக் கத்துனீங்க பாருங்க, ஐயோ, நான்தானே புள்ளைக்குக் குடுத்துட்டேன்னு நெஞ்சு அடச்சிருச்சு. நீங்க குத்துனது அவனுக்கு. வலிச்சது எனக்கு."

நான் ஒரு அறிகுறியும் விசாரிக்காமல் உங்களுக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். பெற்றீசியா கதவோரம் நின்று என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு நீங்கள் சப்பாத்தைக் கழற்றினீர்கள். பெருவிரலுக்குக் கீழே, மூன்று வாரமாக ஆறாத கொப்புளம். வலிக்கவே இல்லை என்றீர்கள். நான் அதைப் பார்த்து நோயின் பெயரும் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாகத் தொண்டர் செய்ய வேண்டியதை மட்டும் செய்தேன். உங்களைப் பேராதனை பஸ்ஸில் ஏற்றி டொக்டரிடம் கூட்டிப்போனேன். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நான் இப்பிடிச் சிரிச்சுப் பேசியிருக்க மாட்டேன்" என்று அவர் புண்ணுக்கு மருந்து கட்டி, குளிசையும் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் தை மாதம் இருபத்தைந்தாம் திகதி கல்யாணம் என்று நீங்களே சொன்னீர்கள். நடாஷா வேலை முடிந்து வந்ததும் அதைச் சொன்னேன். "தேத்தண்ணி போடவா அப்பா?" என்று கேட்டாள்.

நாவலப்பிட்டி பஸ் ஏறும்போது நீங்கள் என்னிடம் சொன்னது, இன்று கண்டிக்கு வந்தது என்னைக் கண்டித்துவிட்டுப் போகத்தான் என்று வீட்டில் சொல்லப் போவதாகவும், அதை நம்பவைக்க இந்த மன்னிப்புக் கடிதத்தை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்றும்தான். சரி என்று தலையாட்டினேன். அனுப்பிவிட்டேன், உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் மூன்று வேளை குளிசை, தினமும் கட்டு மாற்றுகிற கால், சீனி இல்லாத தேநீர், இவற்றையெல்லாம் ஒரே வீட்டில் இருக்கிற மனைவிக்குத் தெரியாமல் இனியும் எப்படி மறைப்பீர்கள்? உங்கள் வாயால் சொல்ல வரவில்லை என்றால், நீங்கள் சொன்னதை உங்கள் சொல்லிலேயே எழுதிவைத்திருக்கிறேன். இந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். முதலில் இதைச் சம்பந்தியம்மாவின் கையில் கொடுங்கள். என் மன்னிப்பை ஆறுதலாக வாசித்துக்கொள்ளலாம், அதில் அவசரம் ஒன்றும் இல்லை.